கம்பளி போர்த்திய அரிவாள்

ஃபெம்மியை நான் முதலில் பார்த்தது தேவாலய வாசலில். லைடன் நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துப் பட்டத்தோடு ஊர் திரும்பிய முதல் ஞாயிறு அது. எங்கள் வம்சத்தில் லத்தீன் படித்த முதல் ஆள் நான். வெயிலென்றும் பாராமல் அம்மா எனக்குக் கறுப்பு அங்கியை மாட்டி முன்னால் நடக்கவிட்டிருந்தாள். ஆனால் ஊர்க்கண் என்மேல் விழவில்லை. புல் அறுக்கும் நீளப்பிடி அரிவாளின் அலகைக் கம்பளியில் பொதிந்து, பிள்ளையைப்போலத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள் ஒருத்தி.

“என்னடி, ஞானஸ்நானம் கொடுக்கவா தூக்கிட்டு வந்தே?” என்றாள் கூட்டத்தில் ஒரு கிழவி.

“சிரிங்க, சிரிங்க. வீட்ல அடுப்பு அணைஞ்சு இது குளிர்ந்துபோச்சுன்னா என் புருஷன் காலுக்கு யாரு பதில் சொல்றது?”

பக்கத்து ஊரிலிருந்து வாழ வந்தவள் அவள். புல்லறுப்பு நாளில் அவள் கணவன் கோர்ஸின் கெண்டைக்காலை அரிவாள் ஆழமாகக் கிழித்துவிட்டது. சந்தை நாவிதர் ஒரு களிம்பு கொடுத்தார். அதைப் பூச வேண்டியது காயத்தில் அல்ல, வெட்டிய இரும்பில். இரும்பு குளிர்ந்தால் காயம் நடுங்கும், சுட்டால் காயம் எரியும் என்பது கணக்கு. காயத்தைத் தண்ணீரால் கழுவிச் சுத்தமான துணியால் கட்டினால் போதும்.

அவள் என் அங்கியைப் பார்த்தாள். “படிச்ச தம்பி நீங்கதானே? இது பலிக்குமா?”

“ஒரு புஸ்தகம் பலிக்கும்ங்குது அக்கா. இன்னொண்ணு பேய் வேலைங்குது.”

“ரெண்டுல எது அரிவாளைத் தொட்டுப் பாத்துச்சு?”



ஃபெம்மிக்கு உள்ளூர நடுக்கம்தான். போன கோடையில் இதேபோல் வெட்டுப்பட்ட ஒரு படகுக்காரனுக்குச் சாணமும் கொழுப்பும் அப்பி, கால் கறுத்து, கடைசியில் ரம்பம்தான் வந்தது. கோர்ஸின் காலுக்கு அந்தக் கதி வந்துவிடக் கூடாது. இரவில், சுவருக்குள் பெட்டிபோல் அடைத்த கட்டிலில் அரிவாளையும் கிடத்தினாள்.

“அடியே, நடுவுல இதைப் படுக்கப்போட்டா நான் எங்க படுக்கிறது?”

“சுவரோரமா ஒண்டிக்கோ. உனக்காகத்தானே இதைக் கொஞ்சுறேன்.”

காயம் மெல்ல மெல்லக் கூடிவந்தது. சீழ் இல்லை, நாற்றமில்லை. ஆனால் நடுவில் ஓர் இடம் இன்னும் திறந்தே இருந்தபோது கொழுந்தன் தேயுவிஸ் வந்து, தொழுவத்துக்குப் பின்னால் அவளைக் கூப்பிட்டான். கையில் ஓர் அரிவாள்.

“அண்ணி, ஒண்ணு சொன்னா அடிக்கக் கூடாது.”

“மொதல்ல சொல்லு.”

“அண்ணனை வெட்டினது இதுதான். அன்னிக்கு அவசரத்துல மாத்தி எடுத்துட்டேன். நீங்க சீராட்டுறது என்னோடது.”

“இதை வச்சா இத்தனை நாளும் புல்லறுத்தே?”

“தினமும் தட்டித் தீட்டினேன். மழையிலகூட வெளியதான் கிடந்துச்சு.”

அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றது. சுத்தியலால் தட்டித் தட்டி அலகைத் தீட்டிய காலைகளில் கோர்ஸ் ஒருமுறைகூட முனகவில்லையே! இப்போது அரிவாளை மாற்ற வேண்டுமா, கூடாதா? தவறாக முடிவெடுத்தால் போவது அவன் கால். புத்தகங்கள் தொடாமல் விட்டதை நாமே தொட்டுப் பார்த்தால் என்ன?

“உள்ளே போ. அவருக்குப் பட்டாணிக் கஞ்சி ஊத்திக் கொடு. மூஞ்சியையே பாத்துட்டிரு. இதைப் பத்தி மூச்சு விடாதே.”

தேயுவிஸ் போனதும் அரிவாளோடு வாய்க்காலில் இறங்கினாள். நீர் சில்லிட்டது. அலகைத் தடவி, “வலிச்சா மன்னிச்சுக்கோ கோர்ஸ்” என்று முணுமுணுத்தாள். கண்ணை இறுக மூடி, அதைச் சேற்றுக்குள் அழுத்தினாள். வேதப் புத்தகத்துச் சங்கீதம் ஒன்றைச் சொல்லி முடிக்கும்வரை எடுக்கவில்லை. பிறகு மரச்செருப்பையும் மறந்து ஓடினாள்.

“கத்தினாரா?” என்றாள் கதவருகில்.

“கத்தினார் அண்ணி.”

அவள் முகம் வெளுத்தது.

“கஞ்சியில உப்பு இல்லன்னு.”

அவன் தோளில் ஓர் அறை விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் அழுதாள். “யாருக்குடி என்ன ஆச்சு?” என்று உள்ளேயிருந்து கத்தினான் கோர்ஸ்.

அன்றிரவு இரண்டு அரிவாளும் தொழுவத்துச் சுவரில் தொங்கின. மிச்சக் களிம்பு குப்பைக்குப் போனது. கோர்ஸின் காலை மடியில் வைத்து, முன்போலவே கழுவினாள், கட்டினாள். “இப்பதான்டி கட்டில் விசாலமாச்சு” என்றான் அவன். அடுத்த மாதம் தழும்பு மட்டும்தான் மிஞ்சியது.

இப்போது ஃபெம்மி அதே வாய்க்கால்கரை வீட்டில் கோர்ஸோடு இருக்கிறாள். வெட்டுப்பட்டவர்கள் என்னிடம் வருவதற்கு முன் அவளிடம்தான் போகிறார்கள். கழுவி, வெளுத்த துணியால் கட்டி அனுப்புகிறாள். யாராவது வெட்டிய கத்தியையும் கூடவே கொண்டுபோனால், நன்றாகத் துலக்கி, அதாலேயே அவர்களுக்குப் பாலாடைக்கட்டி நறுக்கிக் கொடுக்கிறாள்.