புதுசுக்கு ஒரு நிரை

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடைக்காது. வட்டகொடையில் தேயிலை மலையோரப் பாறையில் லேப்டாப்போடு உட்கார்ந்துதான் கொழும்புக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன்.

அன்று எங்கள் டிக்கெட் செயலியில் ஒரு சேவையின் புதிய பதிப்பை ஏற்றினேன். எந்தப் பதிப்புக்கு எவ்வளவு வேலை போக வேண்டும் என்று பிரித்துவிடுவது சர்வீஸ் மெஷ். புதியதற்குப் பத்து சதவீதம் கொடுத்துப் பார்த்திருக்கலாம். அவசரக்குடுக்கை நான், நூறையும் கொடுத்தேன். திரையில் கோடுகளெல்லாம் சிவந்தன. பதறிப்போய்ப் பழையதற்கே திருப்பினேன்; பச்சையானது.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"புதுசா பேர் பதிஞ்ச ஆளுக்கு மொத நாளே முழு மலையையும் குடுப்பாங்களா? ஒரு நிரை குடுத்துப் பாக்கணும்!" என்று அவர் சிரித்ததில் பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள்.

பிழையைத் திருத்தி மறுபடி ஏற்றியபோது, "புதியதற்கு ஒரு நிரை கொடுத்திருக்கிறேன்" என்று குழுவுக்கு எழுதினேன். நிரை என்றால் தேயிலைச் செடி வரிசை என்றும் விளக்கினேன்.

போன வாரம் அடுத்த பதிப்பு. தமிழ் தெரியாத எங்கள் சிங்கள மேலாளர் ஸ்பீக்கரில் கேட்டார்: "நிரை கீயத?" எத்தனை நிரை என்று!

நான் வாய் திறப்பதற்குள் செடிகளுக்கு நடுவிலிருந்து அண்ணி கத்தினார்:

"ஒண்ணு போதும்னு சொல்லு!"