என் சாமத்திய வீடும் ஓர் அமெரிக்க ராக் குழுவும்

மாமாவின் தீர்ப்புப்படி அந்த அமெரிக்க ராக் குழு நான்கு நல்ல இசைத்தட்டுகளையும் ஒரு மோசமான இசைத்தட்டையும் வெளியிட்டிருந்தது. மோசமானதன் உறையை அவர் பிரிக்கவே இல்லை. ஆனாலும் வாங்கி வைத்திருந்தார். கித்தார்க்காரர் சண்டை பிடித்துக்கொண்டு விலகிய பிறகு பதிவானது அது. எங்கள் சொந்தக்காரர் எவருடைய சண்டையையும் மாமா இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. பேர்லினில், நொய்கெல்னில் எங்களோடு இருந்தார். ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் வேலை. அவர் அகதி முகாமில் இருந்த காலத்தில் அந்தக் குழு ஒருமுறை பேர்லினுக்கு வந்ததாம். முகாம் இருந்த மாவட்டத்தைத் தாண்ட அவருக்கு அப்போது அனுமதி இல்லை. அனுமதி கிடைத்தபோது குழு உடைந்திருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் கித்தார்க்காரர் திரும்பி வந்தார். பழைய ஆட்களோடு கடைசிச் சுற்றுப்பயணம் என்று அறிவித்தார்கள். மாமா முதல் நாளே டிக்கெட் வாங்கி, குசினி அலுமாரிக் கண்ணாடியில் எல்லோருக்கும் தெரியும்படி செருகி வைத்தார்.

கச்சேரி நாள் வருவதற்குள் நான் பெரியபிள்ளையானேன். யாரோ கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதில் ஒரு சனிக்கிழமை மண்டபம் காலியானது. என் சாமத்தியச் சடங்குக்கு அம்மா உடனே அதைப் பிடித்துவிட்டார். கச்சேரியும் அதே சனிக்கிழமைதான்.

“அக்கா, அவங்கள் இனி வரமாட்டாங்கள்,” என்றார் மாமா.

“இவளும் இன்னொருக்காச் சாமத்தியப்படமாட்டாள். தாய்மாமன் இல்லாமல் ஆர் தண்ணி வாக்கிறது?”

“தண்ணி வாக்கிறது காலமைதானே. பின்னேரம் நான் போறன்.”

“போ. மேடையிலை உன்ரை இடத்திலை அந்தக் கித்தார்க்காரனை நிப்பாட்டுறன்.”

காலையில் மாமா என் தலையில் தண்ணீர் வார்த்தார். மாலையில் மண்டபத்தில் எல்லாம் பிந்தியது. பாரிஸிலிருந்து வரவேண்டிய பெரியம்மா குடும்பம் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டது. அவர்கள் வராமல் ஆராத்தி இல்லை என்றார் அம்மா. பட்டு வேட்டியில் நின்ற மாமா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், விருந்துக்கு வந்திருந்த தன் சமையலறைத் தோழரான ஜெர்மன்காரரிடம் டிக்கெட்டைக் கொடுத்தார். அவர் கையில் ஒரு வடையோடும் நெற்றியில் யாரோ இட்ட சந்தனத்தோடும் கச்சேரிக்குப் போனார்.

ஆராத்தி முடிந்து குடும்பப் படம் எடுக்கும் நேரத்தில் மாமாவைக் காணவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானே தேடிப்போனேன். பின்கதவருகே, வெறும் சோடாப் பெட்டிகளுக்கு நடுவில், கைபேசியை ஒரு காதில் அழுத்தி மறு காதை விரலால் அடைத்தபடி நின்றார்.

“ஆர் மாமா?”

அவர் அதை என் காதில் வைத்தார். தகரத்தில் மழை கொட்டுவதுபோல் ஒரே இரைச்சல். இடையில் சனம் கத்தியது.

“மாமா, உங்கடை ஹண்டி பழுதாப் போச்சு.”

“இல்லையடி. மூண்டாவது ரெக்கோட்டிலை ரெண்டாவது பாட்டு. ரெக்கோட்டிலை இருக்கிறதைவிட ஆறுதலா, மெதுவா வாசிக்கிறாங்கள். வயசு போட்டுதல்லே.”

திரும்பவும் காதில் வைத்து, கண்களை மூடிக்கொண்டார். நான் உள்ளே ஓடி, மாமா பழுதான கைபேசியை வைத்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறார் என்று அம்மாவிடம் முறையிட்டேன். படக்காரர் விளக்குகளைப் போட்டபடி காத்திருந்தார். மண்டபக்காரர் மேசைகளை ஒதுக்கத் தொடங்கியிருந்தார்.

அம்மா பின்கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“நிக்கட்டும். அவன் கேட்டு முடிக்கட்டும்.”

அந்த இரைச்சலில் கேட்டு முடிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.