வால்ட்ஸுக்கும் முறை பார்த்தார்கள்

ஒன்பது வயதுவரை என் மகள் வீட்டுக்கு வெளியே வாய் திறந்ததில்லை. கடையில் யாராவது பெயரைக் கேட்டால்கூட என் பின்னால் ஒளிந்துகொள்வாள். மல்வேர்னில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள சமூக நிலையத்தில் பிள்ளைகளுக்கு வால்ட்ஸ் போன்ற, சோடியாக ஆடும் பால்ரூம் நடன வகுப்பு தொடங்கியதும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். என் கணவரின் அக்கா மகன்தான் அவளுக்குச் சோடி. அவனுக்கும் அதே வயது. இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்ததுகள்.

அந்த வகுப்பால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே சோடியின் முகத்தைப் பார்த்துத்தான் ஆட வேண்டும். காலை மிதித்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அழாமல் தொடர்ந்து ஆட வேண்டும். அந்தக் குளிர்காலத்துப் பனி கரைவதற்குள் என் பிள்ளை பஸ் ஓட்டுநருக்குத் தானாகவே காலை வணக்கம் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சனம் சும்மா இருக்குமா? கோயிலில் ஒரு அன்ரி பிடித்துக்கொண்டார்.

"ஆரோ பெடியன் உம்மட பிள்ளையின்ர முதுகில கை வைச்சு ஆடுறானாமே?"

அவருடைய வாயை அடைக்க நினைத்து, "வேற ஆருமில்லை அன்ரி, என்ர மச்சாள், இவரின்ர அக்கா, அவவின்ர மகன்தான்" என்றேன்.

"ஐயோ, அப்ப மச்சான் முறையல்லோ!"

அடுத்த நாளே கணவரின் அக்கா போன் எடுத்தார். "பெரியம்மாவின்ர மகனெண்டால் அண்ணன் முறை, பரவாயில்லை. இது கட்டுற முறை. சனம் முடிச்சுப் போட்டுக் கதைக்கும். நான் இவனை இனி வகுப்புக்குப் போகாதையெண்டு மறிச்சுப்போட்டன்."

வங்கியில் பெரிய வேலை பார்க்கிற பெண், ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு முறை பார்க்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரோ தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு" என்றார். அந்த மனிதரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. கதைக்காததை அவர் கவனிக்கவுமில்லை.

ஆசிரியை வேறு சோடி தருவதாகச் சொன்னார். மகள் நடனச் சப்பாத்தைப் போடவே மறுத்துவிட்டாள்.

போன ஞாயிறு மச்சாள் வீட்டில் பிறந்தநாள் விருந்து. கேக் தட்டோடு வந்த பையன் எங்களைக் கண்டதும் சோபாவின் மறு நுனியில் போய் இருந்தான். மகள் என் காதருகே வந்தாள்.

"அம்மா, அவன் என்னைக் கலியாணம் கட்டுற முறையாம். மாமி சொன்னவ. நான் இனி அவனைப் பாக்கக்கூடாதோ?"

"பாக்கலாம் பிள்ளை, வடிவாப் பாக்கலாம்" என்றேன்.

அவள் பார்க்கவில்லை.