ஸ்டேஷன் வேகனும் ஒரு சலவைக் குறியும்

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிங்கர் பட்டறை வைத்திருந்த நல்லகாமன், தன் கல்யாணத்தன்று தாலியை ஆசாரியிடம் கொடுத்து உரசிப் பார்த்துவிட்டுத்தான் மணவறையில் உட்கார்ந்தார். அதைச் செய்து வாங்கி வந்தவர் அவருடைய சொந்தப் பெரியப்பா. தங்கம் சுத்தமாகத்தான் இருந்தது. அதனால் பெரியப்பா மேல் இருந்த சந்தேகம் போனதா என்றால் இல்லை. உரசிப் பார்த்த ஆசாரி மேலும் ஒரு சந்தேகம் வந்ததுதான் மிச்சம்.

மனுஷர் கெட்டவர் இல்லை. நொறுங்கிப்போன கதவைத் தட்டித் தட்டி, அடிபட்டதே தெரியாமல் நிமிர்த்திக் கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தத் தொழில்தான் அவரைக் கெடுத்தது என்பார்கள் சிலர். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி பூசி மூடி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்து ஏமாற்றுகிற வண்டிகளையே தினமும் பார்த்தவர் அவர். உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் கிடக்கும். அதை வண்டியின் மேல் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் தகரம், வழுக்கி விழுந்தால் பட்டி. அவருக்கு வந்த சோதனை என்னவென்றால், மனுஷர்கள் மேல் காந்தம் வேலை செய்யாது.

பெட்டிக்கடையில் மிட்டாய் வாங்கினாலும் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். யாராவது சிரித்து வணக்கம் சொன்னால், அன்று முழுக்க 'இவன் எதுக்குச் சிரிச்சான்' என்று யோசிப்பார். அவர் மனைவி செல்லத்தாய் இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாள். தேவையானதைச் சொல்வாள், மற்ற நேரம் வாயை மூடிக்கொள்வாள். ஒரே மகள் முத்துத்தாய் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் இருந்தாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் கோடையில், மெக்கானிக் வெள்ளைத்துரை பட்டறைக்குள் வந்து நின்றார்.

"மாப்ள, ஒரு வண்டி கெடக்கு. ஸ்டேஷன் வேகன். வில்லிஸ். நீளமா, பின்னாடி பொட்டி மாதிரி தெறக்குமே, அது. வெள்ளைக்காரப் பாதிரியாரு ஒருத்தரு ஊருக்குப் போகையில ஒரு வாத்தியாருக்கு வித்துட்டுப் போனது. வாத்தியாரு போய்ச் சேந்துட்டாரு. ஆனையூர்ல அவரு சம்சாரம் வச்சிருக்காக."

"என்ன கோளாறு?"

"நின்னு நின்னு கெட்டுப்போச்சு, அம்புட்டுத்தான். ஜீப்பு இஞ்சின்தான மாப்ள, ஸ்பேரு பூராம் சிம்மக்கல்லுல கெடைக்கும். இஞ்சின நான் பாத்துக்கிறேன், பாடிய நீ பாரு."

நல்லகாமனுக்கு உள்ளுக்குள் ஆசை பொங்கியது. இத்தனை வருஷமாக ஊரார் வண்டியைத் தட்டி நிமிர்த்திய கைக்கு, தனக்கென்று ஒரு வண்டியை நிமிர்த்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"வெல என்னவாம்?"

"நீயே சொல்லுன்னுட்டாக. ஓட வைக்கிற ஆளுக்குத்தான் குடுப்பாகளாம், இரும்புக் கடைக்கு இல்லையாம்."

வந்ததே வினை. விலை சொல்லாத மனுஷி எங்கே இருக்கிறாள்? அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு பேரும் பஸ் ஏறி ஆனையூர் போனார்கள். வாத்தியார் லூர்துராஜின் மனைவி சூசையம்மாளும் ஒரு காலத்தில் டீச்சராக இருந்தவர்தான். வெள்ளைச் சேலை, கழுத்தில் ஜெபமாலை. வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் கோணிச்சாக்கு போர்த்திக் கிடந்தது வேகன். சாக்கை இழுத்ததும் வெள்ளைத்துரை வாயைப் பிளந்தார். பக்கவாட்டில் மரச்சட்டம் வைத்த மாதிரி தகரத்திலேயே வரி வைத்து, பழுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மண்ணில் உட்கார்ந்த டயர்களோடும் அது கம்பீரமாகத்தான் இருந்தது.

நல்லகாமன் காந்தத்தை எடுத்தார். மட்கார்டு, கதவு, கூரை என்று எங்கே வைத்தாலும் ஒட்டியது. கீழே படுத்து அடிச்சட்டத்தைச் சுரண்டினார். மேலோட்டமான துருதான். ஓர் இடத்திலும் பட்டி இல்லை. இதுதான் அவரை ரொம்ப உறுத்தியது. இவ்வளவு நல்ல வண்டியை எதற்காகச் சும்மா தூக்கிக் கொடுக்கிறார்கள்?

பின்கதவைத் திறந்தார். மேல் பாதி மேலே தூக்கிக்கொண்டது, கீழ் பாதி கீழே சாய்ந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்திருந்தார்கள். பலகையில் கறுப்பாக ஒரு பெரிய கறை. ஆயில் கறை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது ஆயில் இல்லை.

"இது என்ன டீச்சர்?"

"ரத்தமாத்தான் இருக்கும்," என்றார் சூசையம்மாள், காபி ஆறிப்போகிறதே என்கிற மாதிரி. "எத்தனையோ பேர ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனாரு. தேச்சுக் கழுவியும் போகல."

நல்லகாமன் வெள்ளைத்துரையைப் பார்த்தார். வெள்ளைத்துரை காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். இவன் கமிஷன் வாங்கிவிட்டானோ? வாத்தியார் யாரையாவது அடித்துப்போட்டு அள்ளிக்கொண்டு போனாரோ? கோர்ட்டில் கிடக்கிற கேஸோ? அவர் மனசு ஒரு கொலையையே நடத்தி முடித்துவிட்டது. அப்போதுதான் ஜன்னல் திரையை ஒதுக்கினார்.

பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த திரை. அதன் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட சலவைக் குறி: ஒரு கோடு, கோட்டுக்கு மேல் ஒரு சுழி, கீழே இரண்டு புள்ளி. நல்லகாமன் திரையை வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடியும் பார்த்தார்.

அந்தக் குறி அவருக்கு மனப்பாடம். முத்துத்தாய் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எதையோ தேடிச் செல்லத்தாயின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தவர் அடியில் ஒரு பழைய வேட்டியைப் பார்த்தார். அவருடையது இல்லை. ஓரத்தில் இதே குறி. வெளுக்கப்போட்ட இடத்தில் மாறியிருக்கும் என்றாள் செல்லத்தாய். மாறிய வேட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் பெட்டிக்கு அடியில் யாராவது வைப்பார்களா? சலவைக்காரர் பேயாண்டியிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி; தான் போட்ட குறி அவருக்குத் தெரியாமல் போகுமா?

"இது நம்ம போட்டதில்லண்ணே. நம்ம பக்கத்துக் குறியே இல்ல," என்றார் பேயாண்டி.

அவ்வளவுதான். செல்லத்தாயிடம் இரண்டாவது தடவை கேட்கவில்லை. வேட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து டீக்கடையில் பக்கத்தில் உட்காருகிறவரின் வேட்டி ஓரத்தைப் பார்ப்பார். கொடியில் காய்கிற துணியைப் பார்ப்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் இலையைப் பார்ப்பதற்கு முன் எதிர்வரிசைக்காரரின் வேட்டியைப் பார்ப்பார். ஒருநாள் மகளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, அவள் காதையும் தன் காதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தேடிய வேட்டிக்காரர் செத்தும் போய்விட்டார் என்பது அவருக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தவர் செல்லத்தாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. "ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கேன். நீயும் வந்து பாரு," என்றார். கிளம்புகிற வரைக்கும் வாத்தியார் பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை. வண்டியைக் கண்டதும் அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

மாறியது. கொட்டகை வாசலில் செல்லத்தாய் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு யாரையும் கேட்காமல் பின்பக்கம் போனாள். பலகையில் இருந்த கறையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

நல்லகாமன் திரையை வெடுக்கென்று இழுத்துக் குறியைக் காட்டினார். "இந்தா புள்ள, இது யாரு வேட்டி? இப்பவாச்சும் சொல்லு."

சூசையம்மாள் பக்கத்தில் நிற்கிறாரே என்ற கூச்சமெல்லாம் அவருக்கு இல்லை. செல்லத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தலப்பிரசவத்துக்கு எங்க வீட்டுக்குப் போயிருந்தேன்ல. ஐப்பசி மழை. வலி கண்டு ரெண்டு நாளாச்சு, புள்ள வெளிய வரல. எங்கண்ணன் அழகுமலை வண்டி கட்டுச்சு."

"அதான் தெரியுமே. போற வழியிலயே பெறந்துருச்சுன்னீக."

"வண்டி ஓடையைத் தாண்டல. மாடு முட்டிபோட்டுப் படுத்துருச்சு. அப்பத்தான் இந்தக் காரு வந்துச்சு. எங்கம்மாவையும் என்னையும் ஏத்திக்கிட்டாரு. அண்ணன் மாட்டோட நின்னுக்கிருச்சு. திருப்பரங்குன்றம் ரயில்வே கேட்டு பூட்டிக் கெடந்துச்சு. கேட்டு தெறக்குறதுக்குள்ள இந்தப் பலகையில வச்சு முத்துத்தாயி பெறந்துட்டா. பச்சப்புள்ளைக்குப் புதுத்துணி சுத்தக் கூடாதே, பழைய துணி ஒண்ணுமில்ல, எல்லாம் நனைஞ்சு கெடக்கு. அந்த மனுசன் கட்டியிருந்த வேட்டிய அவுத்து எங்கம்மா கையில குடுத்துட்டு, துண்டக் கட்டிக்கிட்டு, இந்தப் பக்கம் திரும்பாம மழையில நின்னாரு. புள்ள மேல மொதல்ல பட்ட துணி. தூக்கிப் போடுவாகளா? வச்சிருந்தேன்."

சூசையம்மாள்தான் முதலில் பேசினார்.

"அது நீதானாம்மா?" என்று செல்லத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு ராத்திரி இடுப்புல துண்டோட வந்து நின்னாரு. வேட்டி எங்கன்னு கேட்டேன். ஒரு புள்ளைக்குக் குடுத்துட்டேன், பசிக்குது, சோறு போடுன்னாரு. போட்டேன்."

"வேற ஒண்ணும் கேக்கலையா நீங்க?" என்றார் நல்லகாமன்.

"வேற என்ன கேக்கணும்?"

நல்லகாமன் பையிலிருந்த காந்தத்தை விரலால் உருட்டிக்கொண்டு நின்றார். வாத்தியாரை இந்தக் கொட்டகையிலேயே வைத்துக் கொலைகாரனாக்கியதும் அவர் ஞாபகத்துக்கு வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியார் பஸ் நிலையத்தில் மாறி, திருமங்கலம் பஸ் ஏறி, பழங்காநத்தம் தாண்டினார்கள். கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா? யாரு அவரு, முன்னப்பின்ன தெரியுமா, அந்த நேரத்துல அந்த ரோட்டுல அவருக்கு என்ன சோலின்னு கேப்பீக. அழகுமலையக் கேப்பீக, எங்கம்மாவக் கேப்பீக. ஒரு நல்ல மனுசன் பேர ஊரெல்லாம் இழுப்பீக. அதான் மாட்டுவண்டியோட நிறுத்திக்கிட்டோம்."

செல்லத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"முத்துத்தாயியக் கண்ணாடி முன்னாடி நிறுத்திக் காதப் பாத்தீகளே, நான் அடுப்படியிலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

நல்லகாமனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்குப் பிறகும் அவளுக்கு முன்னால் இத்தனை வருஷம் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

மறுவாரம் வேகனை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். போகும்போது நல்லகாமன் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் தேங்காயும் புது வேட்டி ஒன்றும் வைத்துக்கொண்டு போனார். பேறுகாலத்தில் உதவினவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். சூசையம்மாள் அதை வாங்கி வாத்தியார் படத்துக்கு முன்னால் வைத்தார். இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இஞ்சினை வெள்ளைத்துரை பிரித்துப் போட்டார். நல்லகாமன் பாடியைத் தட்டினார், துருவை வெட்டி எறிந்து புதுத்தகரம் வைத்துப் பற்றவைத்தார். பலகையை மாற்றிவிடலாம் என்றார் வெள்ளைத்துரை. "கெடக்கட்டும் மாப்ள," என்று நல்லகாமன் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேலை தீபாவளி வரைக்கும் இழுத்தது.

வண்டி முதல் முதலாக ரோட்டில் இறங்கிய அன்று, வீட்டோடு மதுரைக்குக் கிளம்பினார்கள். செல்லத்தாய் முன் சீட்டில் உட்கார்ந்தாள். முத்துத்தாய் பின்னால் பலகையில் ஜமுக்காளம் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கப்பலூர் தாண்டித் திருப்பரங்குன்றம் வந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. நல்லகாமன் இஞ்சினை அணைத்தார். முன்னால் லாரிகள், தட்டுவண்டிகள், வெள்ளரிக்காய் விற்கிறவள். செல்லத்தாய் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முத்துத்தாயி," என்றார் நல்லகாமன், திரும்பாமலே. "நீ இந்த எடத்துலதான் பெறந்த. இதே வண்டியில, இப்ப நீ உக்காந்திருக்கிற அந்தப் பலகையில."

பின்னால் ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்பனுக்குப் பிறந்த பிள்ளை. குரலிலேயே சந்தேகம் தெரிந்தது.

"நெசமாவாப்பா? யாரு சொன்னா?"

"ஒங்கம்மா சொன்னா," என்றார் நல்லகாமன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும், நெசந்தான்னு?"

"அதான் சொல்றேன்ல, ஒங்கம்மா சொன்னா."