தொண்ணூறு கிலோ பிள்ளைக்கு ஒரு மழைக்கோட்டு

விமானச் சரக்குப் பிரிவில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். மாம்பழத்திலிருந்து மோட்டார் என்ஜின் வரை எதையும் சொட்டுத் தண்ணீர் புகாமல் சுற்றிக் கட்டி, டான் சோன் நாட் விமான நிலையத்திலிருந்து ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்குத் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்ற ஒரே ஒரு பெட்டியை நனையாமல் காப்பாற்றத் தெரியவில்லை. இதை என் மனைவி வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். இந்த முறை நானே முந்திக்கொள்கிறேன்.

சைகோனில் எங்கள் வாடகை வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒல்லியான வீடு. மாடியில் சோலார் பேனல்கள். சுவரோரமாக இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி; அதன் கீழ்ப்பாதி பாட்டரி, மேல்பாதி இன்வர்ட்டர். அதற்கு மேலே இருந்த தகரக் கூரையைக் காற்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்காரர் அடுத்த மாதம் போட்டுத் தருவதாகச் சொன்னார். அவருடைய அடுத்த மாதம் எந்த மாதத்திலும் வரவில்லை. ஒரு மழைக்கு நனைந்து, பெட்டி இரண்டு நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

அந்தச் சமயம் பார்த்து என் மனைவிக்கு நேர்காணல் வந்தது. ஊரின் தென்பக்கம் பூ மி ஹங் பகுதியில் கிளை வைத்திருக்கும் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனம். தலைமை அலுவலகம் வேறு நாட்டில் என்பதால் வீடியோவில்தான் பேச வேண்டும். புதன்கிழமை காலை ஒன்பது மணி. அதே புதன்கிழமை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மின்சாரம் இருக்காது என்று சந்து முனையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

எனக்கு மாற்றல் வந்தபோதெல்லாம், மூன்று ஊர்களில் மூன்று வேலைகளை விட்டுவிட்டு என் பின்னால் வந்தவள் அவள். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"காபிக் கடையில போய் உக்காந்து பேசேன்" என்றேன்.

"அங்க போடற பாட்டுல என் குரல் எனக்கே கேக்காது. போன்ல பேசலாம்னா வீட்டுக்குள்ள சிக்னலே வராது. பாட்டரி இருக்குன்னு பீத்திக்கிட்டுத்தானே இந்த வீட்டை எடுத்தீங்க? ஒரு மணி நேரம் அது ஓடினா போதும்."

"அதை என்கிட்ட விடு."

எங்கள் வீட்டு விபத்துகளில் பாதி இந்த வாக்கியத்தில் தொடங்கியவை.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்திலிருந்து சரக்குக்குச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் ஒரு சுருள் கொண்டுவந்தேன். தலை முதல் கால்வரை ஒன்பது சுற்று. எறும்புகூட நுழைய முடியாது. வெப்பமும் வெளியே வர முடியாது என்பதைத்தான் யோசிக்கவில்லை. அரை மணி நேரத்தில் இன்வர்ட்டர் கீச்கீச்சென்று கத்தி, சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அணைந்தது.

"மாம்பழம்னு நெனச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மனைவி இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் தாளை உரித்துப் போட்டுவிட்டு, சந்து முனைத் தையற்கார அம்மாவிடம் ஓடினேன். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு மழைக்கோட்டு தைப்பவர். அந்த ஊரில் அக்காவை 'சி' என்று அழைக்க வேண்டும். தமிழ் வாய்க்கு அது மரியாதையாகவே வராது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்தேன். எனக்குத் தெரிந்ததோ முப்பது வியட்நாமியச் சொற்கள். பாட்டரிக்கு அவர்கள் மொழியில் 'பின்' என்று பெயர். பிள்ளைகளையும் வீட்டில் செல்லமாகப் 'பின்' என்று கூப்பிடுவார்கள் என்பது முப்பத்தோராவது சொல்.

"சி, பின்னுக்கு ஒரு மழைக்கோட்டு வேணும்."

"என்ன வயசு?" என்று சிரித்த முகமாகக் கேட்டார்.

"ரெண்டு."

"உயரம்?" என் இடுப்பில் கை வைத்துக் காட்டினேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டார். "எடை?"

"தொண்ணூறு கிலோ."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இங்க கூட்டிட்டு வாங்களேன், அளவெடுக்கலாம்."

"முடியாது சி. மாடியில சுவரோட சேர்த்து முடுக்கி வச்சிருக்கோம்."

"மழையிலயா?"

"அதனாலதானே கோட்டு கேக்கறேன்!"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் தொழில் அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். செவ்வாய் மாலை தருவதாகச் சொன்னவர் தரவில்லை.

புதன் காலை எட்டு மணிக்கு மின்சாரம் போனது. பாட்டரி ஒழுங்காகப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம். கீழே மனைவி பட்டுப் புடவையில் மடிக்கணினி முன்னால். மேலே நான் குடையோடு பெட்டி முன்னால். சைகோன் மழை வழக்கமாக மத்தியானம்தான் வரும்; அன்று என்னைப் பார்க்க ஆசைப்பட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டது.

அப்போது கீழே கதவு தட்டும் சத்தம். ஓடிப்போய்த் திறந்தேன். கக்கத்தில் மடித்த கோட்டோடு தையற்கார அம்மா, துணைக்கு இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்கள், ஒரு தூக்குச் சட்டியில் கோழிக் கஞ்சி. மூன்று பேர் முகத்திலும் கடுகு வெடித்தது. சத்தம் போடாதீர்கள் என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். பிள்ளை தூங்குகிறான் என்று நினைத்துக் காலணியைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி மாடியேறினார்கள்.

மேலே போய்ப் பெட்டியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"பின்" என்று கையைக் காட்டினேன்.

அந்த அம்மா கஞ்சிச் சட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்புச் சத்தம் கீழே கேட்காமல் இருக்க மற்ற இருவரும் முந்தானை இல்லாத ஊரில் ஒருவர் தோளை ஒருவர் கடித்துக்கொண்டார்கள். அதற்குள் மழை வலுத்துவிட்டது. கோட்டை உதறி எடுத்தோம். மஞ்சள் நிறம், நெஞ்சில் வாத்துப் படம், தலைக்கு ஒரு குல்லா, இரண்டு கைகள். பெட்டிக்குக் கை எதற்கு என்று நொந்துகொண்டேதான் மாட்டினேன்.

அந்தக் கைகள்தான் மானத்தைக் காப்பாற்றின. இன்வர்ட்டரின் இரண்டு பக்கமும் காற்றுத் துளைகள். சூடு கைகளின் வழியாக இறங்கி வெளியேறியது. தொங்கிய கைகளுக்குள் மழை ஏறவில்லை. பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. ஆனாலும் நம்பிக்கை இல்லாமல், கோட்டுக்கு மேலே நான் குடையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் மேலே வந்தாள். வாத்தைப் பார்த்தாள், கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள், தெப்பலாக நனைந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"வேலை நேரம் அதிகம், வீட்டுல ஒத்தாசைக்கு ஆள் இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு, மாடியில குடை பிடிச்சிட்டு நிக்குதுன்னு சொன்னேன்."

மழையில் நிற்பதில் ஒரு வசதி, கண்ணைத் துடைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வேலை கிடைத்தது. சேர வேண்டிய நாள் காலையிலும் நல்ல மழை. அவளுடைய மழைக்கோட்டு முந்தின நாள்தான் ஸ்கூட்டர் சக்கரத்தில் மாட்டிக் கிழிந்திருந்தது. அவள் மாடிக்குப் போனாள். வாத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து வண்டியைக் கிளப்பினாள். சந்து முனையில் தையற்கார அம்மா "பின்! பின்!" என்று கைதட்டுவது கேட்டது.

எனக்கு அன்று மத்தியானம்தான் வேலை. குடையை எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.