பீடத்தைப் பார்க்காத கண்ணுக்காகப் பேசியவர்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான், என் கணவர், மகள் அமலி, மின்மீட்டர் பார்க்க வந்தவர். "இருதயராஜ் சார் போயிட்டாக. நெஞ்சுவலி" என்றார்கள் போனில். நாற்பத்தாறு வயது. பழனிசெட்டிபட்டியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பிசியோதெரபி செய்தவர்.

அடக்கத்தன்று நம் கோயிலின் பங்கு மக்கள் எல்லோரும் "நல்ல மனுசன்" என்றீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது சொன்னதை யார் கேட்டீர்கள்?

ஆட்டிசம் உள்ள அமலியை அவரிடம் கூட்டிப்போன முதல் நாள், சுழல் நாற்காலியில் அவர் உட்காரவைத்தது என்னை. பத்துச் சுற்று. நிறுத்தியதும் என் விழிகள் துடித்து ஓடியதைப் பார்த்து என் கணவர் சிரித்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து அமலி. அவள் விழி உடனே நின்றுவிட்டது. "இன்னும்" என்றாள்.

"வைத்தியம் உங்களுக்குத்தான் பாக்கணும் போல ஆத்தா" என்றார் சார். நான் நோட்டை எடுத்தேன். "உள்காதுதான் கண்ணுக்கும் காலுக்கும் சேதி சொல்லுது. இவளுக்கு அது வேற மாதிரி சொல்லுது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான்னு எழுதிக்கிறாதீக."

என்னையும் விட்டுவிடவில்லை. "சாரைப் பாருடி" என்று அமலியின் தாடையைத் திருப்பினேன். என் கையை எடுத்துவிட்டார். "பாக்கச் சொன்னா பாக்கத்தான் பாடுபடுவா. நாம சொல்றதைக் கேக்க முடியாது."

போன வருடம், முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வரிசையிலிருந்து அமலியை நிறுத்தினீர்கள். நடக்கும்போது கையிலுள்ள மெழுகுவர்த்தியைப் பார்த்தால் கால் தடுமாறுகிறது, காலைப் பார்த்தால் மெழுகுவர்த்தி சாய்கிறது. "பீடத்தையே பாக்க மாட்டேங்கிறா, நற்கருணை என்ன விளையாட்டா?" என்றார் மறைக்கல்வி ஆசிரியை. மந்திரங்கள் அத்தனையும் பிசகாமல் சொல்லும் பிள்ளை அவள்!

கேள்விப்பட்டதும் சார் ஹெல்மெட்டோடு கோயிலுக்கு வந்து நின்று உள்காது விஷயத்தைச் சொன்னார். "கண்ணுக்கும் காதுக்கும் என்ன சார் சம்பந்தம்? புதுசு புதுசாச் சொல்றீக" என்று கேலி செய்தீர்கள். அவர் கேட்டார்: "ஆண்டவர் குணமாக்குன குருடரு, அவரைப் பாத்துக்கிட்டா கூப்பிட்டாரு?" இந்த வருடப் பட்டியலிலும் அமலி பெயர் இல்லை. அவருக்கு மலர்வளையம் மட்டும் பெரிதாக வைத்தீர்கள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம்: மகளிடம் எதிரே நின்று பேசுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். அவள் சுவரைப் பார்த்தபடி பதில் சொல்கிறாள்.

வரிசையில் நடக்காமல், முன் பெஞ்சைப் பிடித்து நின்றபடி, அவள் கண் எங்கே போனாலும், அமலி புதுநன்மை வாங்கலாமா? பங்குத்தந்தை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுகிறேன்.