கட்டிலுக்கடியில் இருபத்தாறு கைப்பைகள்

அந்தக் காலத்துப் பெண்கள் வைத்திருந்த கைப்பைகளை ஒரு ஆம்பிளை தேடித் தேடிச் சேர்க்கிறான் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிக்கொண்டவளிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

மரக்காணம் உப்பளத்தில் எனக்கு மேஸ்திரி வேலை. லீவு நாளில் குயிலாப்பாளையம் போவேன். அந்தப் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகிற பழைய சாமான்களை விற்கிற கடை ஒன்று அங்கே உண்டு. முதல் பையை அதன் வாய்க்காகத்தான் வாங்கினேன். மேலே இரண்டு பித்தளைக் குமிழ்கள், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு 'டக்'கென்று மூடும். அந்தச் சத்தத்தில் விழுந்தவன்தான். தோல், வெல்வெட், மணி கோத்தது என்று கட்டிலுக்கடியில் ட்ரங்குப் பெட்டியில் இருபத்தாறு சேர்ந்துவிட்டன. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு எந்த உலோகமும் தாங்காது. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தொட்டு, துணியில் சுற்றி, குறிப்பு எழுதி ஒரு அட்டையும் கட்டி வைத்திருந்தேன்.

கல்யாணமாகி இரண்டாவது மாதம். மதியம் சாப்பிட வந்தால் பெட்டி திறந்து கிடக்கிறது. அவள் கையில் வெல்வெட் பை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"யாருதுங்க இது?"

"என்னுது."

உண்மையைத்தான் சொன்னேன். எரிகிற தீயில் எண்ணெய் வார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"உள்ள லிப்ஸ்டிக் கறை இருக்குது. அதுவும் உங்களுதா? பெருமுக்கல்லேர்ந்து அப்பா கிளம்பிட்டாரு. நான் எங்க வீட்டுக்கே போறேன்."

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். எனக்குக் கனமில்லை, பயம் மட்டும் தாராளமாக இருந்தது. வேலையாட்களை வாயாலேயே மிரட்டுகிறவன், வீட்டில் பையில் தொங்கிய அட்டையை விரலால் காட்டினேன். "அந்த அட்டையப் படி" என்றேன்.

வெடுக்கென்று எடுத்துப் படித்தாள். 'உள்துணியில் பழைய உதட்டுச்சாயக் கறை. தேய்க்கக் கூடாது.' அடுத்த பையில், 'வலது குமிழ் லூஸ். மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய்.' ஏழெட்டு அட்டை படித்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆசை வச்ச பொம்பளையப் பத்தி எவனாவது இப்டி எழுதுவானா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு பையைத் திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை.

"முன்னாடியே சொல்லிருந்தா என்னங்க?"

"நீ சிரிப்பேன்னு பயந்துட்டேன்."

அப்போது அவள் போன் அடித்தது. மாமனார், வழியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுகிறார்.

"வர வேணாம்பா. நெனச்ச மாதிரி பொம்பளை சமாச்சாரம்லாம் இல்ல." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "லேசா பைத்தியம், அவ்ளோதான்."

பைத்தியம் என்று பேர் வாங்கி அப்படி நிம்மதியாக மூச்சு விட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.